நிலத்துக்கு அடியில் ஆரஞ்சு வளர்த்த சிசிலிக்காரர்

பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கலிபோர்னியாவில் ஓர் இத்தாலிய விவசாயி, வாங்கிய நிலம் பயிருக்கு ஆகாது என்று தெரிந்தபின் மண்ணுக்குள் இறங்கி நாற்பது வருடம் தோண்டி அங்கேயே வீடும் பழத்தோட்டமும் அமைத்து வாழ்ந்தார் என்கிறார்களே, அது உண்மையா? பொறியியல் படிக்காத ஒருவர் அதை இடிந்து விழாமல் எப்படிக் கட்டினார்? தம்பியின் நிலத்திலும் மூன்றடிக்குக் கீழே சுக்கான் என்னும் இறுகிய கல் தட்டு இருப்பதால், அதுபோல் நம் பக்கத்திலும் ஏதாவது செய்து பார்க்க முடியுமா? முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: உண்மைதான், அந்த இடம் இன்றும் இருக்கிறது, கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் பொறியாளன் அல்லன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே விவசாயம். நடுவில் பன்னிரண்டு வருடம், விவசாயம் கைவிட்ட காலத்தில், கட்டட வேலை நடக்கும் இடங்களில் கணக்கெழுதி மேஸ்திரிகளோடு நின்றிருக்கிறேன். என் தாத்தா பொள்ளாச்சிக்குத் தெற்கேயிருந்து நிலக்கடலை போட இந்தப் பக்கம் வந்தவர். பத்திரம் மலையாளத்திலும் வீட்டுப் பேச்சு தமிழிலுமாக மூன்று தலைமுறை ஓடிவிட்டது. ஆனாலும் எல்லைத் தகராறு ஏதாவது வந்தால் "வந்தவங்க" என்ற சொல் இன்னும் காதில் விழும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்ட மனிதரின் குடும்பப் பெயரே இத்தாலிய மொழியில் ஏறத்தாழ அந்தப் பொருள் தருவது. அவர் பெயர் பால்தசாரே ஃபொரெஸ்தியெரே. ஃபொரெஸ்தியெரே என்றால் வெளியூர்க்காரன், அயலான். பிறந்த ஊரிலேயே அயலான் என்று பெயர் வாங்கியவர் கடைசியில் வேறு நாட்டு மண்ணுக்குள்ளேயே குடியிருந்தார் என்பது எழுதி வைத்தாற்போல் இருக்கிறது.

1879 ஜூலை 8 அன்று சிசிலித் தீவில், மெஸ்ஸினா நகருக்கு அருகே ஃபிலாரி என்ற சிற்றூரில், பழமரங்கள் வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தார். இருபதுகளின் தொடக்கத்தில், அதாவது 1900க்குப் பின் ஓரிரு ஆண்டுகளில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில் தெற்கு இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அப்படிப் போனார்கள். மொழி தெரியாத இளைஞர்களுக்கு அங்கே முதலில் கிடைத்தது மண் வேலைதான். பால்தசாரேவும் கிழக்குக் கரை நகரங்களில் சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டும் கூலியாக இருந்தார். மண்ணைக் குடைந்துகொண்டே போகும்போது மேல் மண்ணை எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்கள், ஈரம் பாய்ந்த இடத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள், எந்த மண் நிற்கும், எது சரியும் என்பதையெல்லாம் அவர் கற்றது அங்கேதான். சில வருடம் கழித்துக் கையில் சேர்ந்த பணத்தோடு மேற்கே கலிபோர்னியாவுக்கு வந்து, 1906 வாக்கில் ஃப்ரெஸ்னோ நகருக்கு வெளியே நிலம் பிடித்தார். ஊரில் அப்பா செய்ததுபோல் ஆரஞ்சும் எலுமிச்சையும் நட்டு முன்னேறிவிடலாம் என்பதே திட்டம்.

நிலத்தைப் பார்க்காமலோ மேலோட்டமாகப் பார்த்தோ வாங்கினார் என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால் ஃப்ரெஸ்னோ சமவெளியில் மேல் மண் செம்பழுப்பாக, கட்டி உடைத்தால் கையில் உதிரும்படி, விவசாயி பார்த்தால் ஆசைப்படும்படி இருக்கும். அதற்குக் கீழே இரண்டு மூன்று அடியில் இருப்பதை மண்வெட்டி போய் மோதும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும். ஆங்கிலத்தில் ஹார்ட்பேன் என்பார்கள்: மிகப் பழைய வண்டல் மண்ணில் குளிர்கால மழைநீர் ஆயிரமாயிரம் வருடங்களாக இறங்கி, கூடவே களியையும் இரும்பையும் சிலிகாவையும் கரைத்துக் கொண்டுபோய், நீர் நிற்கும் ஆழத்தில் படியவைத்துப் படியவைத்து சிமெண்ட் போட்டதுபோல் இறுக்கிய அடுக்கு அது. சான் வாக்கீன் மண் என்று பெயர். 1997இல் கலிபோர்னியா இதையே தன் மாநில மண்ணாக அறிவித்தது. மாநிலப் பூ, மாநிலப் பறவை என்று நாம் வைத்திருப்பதுபோல் அவர்கள் மண்ணுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள், நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த மண்ணின் அடியிலுள்ள தட்டு, வேரையும் நீரையும் கீழே விடாது. பெரிய பண்ணைக்காரர்கள் ஒவ்வொரு குழிக்கும் வெடி வைத்துத் தட்டை உடைத்துத்தான் மரம் நட்டார்கள். கூலிக்காரராக வந்தவருக்கு அத்தனை குழிக்கும் வெடி வைக்கப் பணம் ஏது?

இந்த இடத்தில் நம் சுக்கானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தம்பி இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்கிறார். இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்பவை, ஆனால் ஒரே பொருள் அல்ல. ஒரு சுக்கான் கட்டியை எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைக்கும். அது சுண்ணாம்பால் இறுகியது. பழைய காலத்தில் நம் பக்கம் அதையே காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். ஃப்ரெஸ்னோ ஹார்ட்பேன் பெரும்பாலும் சிலிகாவால் இறுகியது, சாறு விட்டால் அசையாது, ஊறினாலும் கரையாது. இந்த வேறுபாட்டுக்கு மூன்றாம் கேள்வியில் திரும்ப வேண்டியிருக்கும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுக்கு மேல் மரம் நட்டால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாற்பது சாத்துக்குடிக் கன்று வாங்கி, இரண்டரை அடிக் குழி எடுத்து, அடியில் கடப்பாரை 'டங்' என்று ஒலித்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, தொழுவுரம் போட்டு நட்டவன் நான். முதல் வருடம் இலை பளபளத்தது. இரண்டாம் வருடம் ஐப்பசி மழை தொடர்ந்து பெய்தபோது, ஒவ்வொரு குழியும் அடைத்து வைத்த தொட்டியாக நீரைப் பிடித்துக்கொண்டது. மேலே மண் காய்ந்து வெடித்த பிறகும் கீழே சேறு. கார்த்திகையில் ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் சுக்கானைத் தொட்ட இடத்தில் முட்டிபோட்டுத் திரும்பி, தட்டின் மேலேயே ஒரு முழம் படுத்து ஓடியிருந்தது. நுனி கறுத்து, விரலால் உருவினால் தோல் தனியாகக் கழன்று வந்தது, புளித்த கழனித் தண்ணீர் போல நாற்றம். அடுத்த சித்திரைக்குள் நாற்பதில் முப்பத்தொன்று போய்விட்டது. பிழைத்தவையும் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இலை வெளுத்து நின்றன. கன்று விற்றவரிடம் போய்க் கேட்டேன். நிலத்தைப் பார்த்து வாங்க வேண்டியது என் பொறுப்பு என்றார். அவர் சொன்னது சரிதான் என்பது பிறகுதான் உறைத்தது.

பால்தசாரே அந்த நிலையில் செய்தது இதுதான்: நிலத்தை விற்றுவிட்டு ஓடவில்லை, அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார். வாய்க்கால் வெட்டினார், மேடு பள்ளம் திருத்தினார், திராட்சைக்கும் பழமரங்களுக்கும் ஒட்டுக் கட்டினார். ஃப்ரெஸ்னோவின் கோடை வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நம் மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்துப் பங்குனி வெயிலைப்போல், ஆனால் அங்கே அது மூன்று நான்கு மாதம் மழையே இல்லாமல் நீடிக்கும். பலகையால் கட்டிய குடிசையில் அந்த வெயிலைத் தாங்க முடியாமல், சிசிலியில் ஒயினும் பழமும் வைக்கும் நிலவறைகளின் குளுமை நினைவுக்கு வந்து, முதலில் ஒரு சின்ன அறையைத் தட்டுக்குக் கீழே தோண்டினார். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டையும் இணைக்க ஒரு பாதை. இப்படி 1906 வாக்கில் தொடங்கியது 1946இல் அவர் இறக்கும்வரை நிற்கவில்லை. ஏறக்குறைய பத்து ஏக்கர் பரப்பில், பத்தடி ஆழத்திலிருந்து இருபதடிக்கு மேற்பட்ட ஆழம்வரை வெவ்வேறு மட்டங்களில், படுக்கையறை, சமையலறை, முற்றங்கள், சிறு வழிபாட்டிடம், மீன் குளம், நடைபாதைகள் என்று விரிந்தது.

அவரிடம் இருந்த கருவிகளை எண்ணிவிடலாம்: கூந்தாலி, மண்வெட்டி, தள்ளுவண்டி. பிற்பாடு கோவேறு கழுதைகள் இழுக்கும் மண்வாரி ஒன்றும் சேர்ந்தது. அந்த மண்வாரிக்கே ஃப்ரெஸ்னோ என்றுதான் பெயர். ஸ்காட்லாந்திலிருந்து அங்கே வந்து குடியேறிய ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்ற வண்டிப் பட்டறைக்காரர் 1883இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நாம் பார்க்கும் மண் வாரும் இயந்திரங்களின் வாளி வடிவத்துக்கு அதுவும் ஒரு மூதாதை. வரைபடம் எதுவும் போட்டுக்கொண்டு பால்தசாரே வேலை செய்யவில்லை.

இனி இரண்டாவது கேள்வி: எப்படி இடிந்து விழவில்லை? நான் மேஸ்திரிகளோடு நின்று பழகியதை வைத்துச் சொன்னால், இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. அவருடைய மரங்களைக் கொன்ற அதே தட்டு, அவருடைய வீட்டுக்குக் கூரையானது. ஒரு பாய் அகலத்துக்கு மேல் சாதாரண மண்ணைக் குடைந்தால் உச்சி உதிரும். ஆனால் இயற்கையே போட்டுவைத்த ஒரு கான்கிரீட் தளத்துக்குக் கீழே தோண்டுகிறவனுக்கு அந்தப் பயம் குறைவு. அதோடு, தோண்டும்போது உடைத்தெடுத்த ஹார்ட்பேன் கட்டிகளையே செங்கல்லாக்கி, சிமெண்ட் கலவையில் அடுக்கி வளைவுகளும் தூண்களும் கவிகைகளும் கட்டினார். வெளியிலிருந்து கல் வரவழைக்கும் செலவில்லை. மரத்தொட்டிகளுக்கு மண்ணும் தோண்டிய இடத்திலிருந்தே.

வளைவைப் பற்றி ஒரு விஷயம், கட்டட வேலை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். வளைவு என்பது தன் மேலுள்ள பாரத்தைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, இரண்டு பக்கமும் உதைக்கும். தரைக்கு மேல் வளைவு கட்டும்போது அனுபவமில்லாதவன் தோற்பது இந்த உதையில்தான்: சுவர் மெல்ல வெளியே சாயும், வளைவின் உச்சி விரியும், ஒரு நாள் நடுக்கல் நழுவும். எங்கள் ஊரில் கோயில் மதிலுக்கு வளைவு வைத்த ஒரு மேஸ்திரி சாரத்தைச் சீக்கிரம் பிரித்துவிட்டு, சுவரில் ஓடிய கீறலைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். தரைக்குக் கீழே கட்டினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது, ஏனென்றால் வளைவு எந்தப் பக்கம் உதைத்தாலும் அங்கே அசையாத நிலம் நிற்கிறது. தானாகக் கற்ற ஒருவர் இத்தனை வளைவுகளை நாற்பது வருடம் நம்பிக் கட்ட முடிந்ததற்கு இது பெரிய காரணம். வளைவு என்ற வடிவம் அவருக்குப் புதிதும் அல்ல. சிசிலியில் வளர்ந்தவன் கண் திறந்தால் பார்ப்பது வளைவுகளைத்தான்.

மூன்றாவது காரணம் மழை, அல்லது மழை இல்லாமை. ஃப்ரெஸ்னோவில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 280 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில், விட்டு விட்டு. அதைச் சமாளிக்க அவர் தளங்களுக்குச் சரிவு கொடுத்து, தண்ணீர் போய்ச் சேரக் குழிகள் விட்டிருந்தார். இந்த எண்ணை மறக்காதீர்கள்.

பொதுவாக அவரைப் பற்றி எழுதுபவர்கள் கனவு கண்ட தனி மனிதர், விசித்திரமானவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் மண்ணுக்குள் ஒளிந்தவர் என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் எனக்கு அவர் விசித்திரமானவராகத் தெரியவில்லை. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கூலி வேலை பின்னால் நிற்கிறது: குடைவது சுரங்கப் பாதையில் வாங்கிய கூலி, மேடு திருத்துவதும் வாய்க்கால் வெட்டுவதும் பண்ணைகளில் வாங்கிய கூலி, ஒட்டுக் கட்டுவது அப்பாவின் தோட்டத்தில் கூலியே இல்லாமல் கற்றது. தானாகக் கற்றவர் என்று சொன்னால், யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காமல் ஆகாயத்திலிருந்து அறிவு இறங்கியது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் கிணறு வெட்டும் ஆட்கள் பாறையில் கடப்பாரையைத் தட்டி ஒலியைக் கேட்டே "இங்கே ஊத்து இருக்கு, இங்கே வெடி வைக்காதீங்க" என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். அவர்களையும் யாரும் படித்தவர்கள் என்று சொல்வதில்லை.

இதே கணக்கில் இன்னோர் இத்தாலியரும் நினைவுக்கு வருகிறார். சைமன் ரோடியா, அவரும் 1879இல் பிறந்தவர், அவரும் கூலிக் கட்டடத் தொழிலாளி. லாஸ் ஏஞ்சலஸில் 1921 தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் தனி ஆளாக இரும்புக் கம்பி, சிமெண்ட், உடைந்த ஓடு, சிப்பி, பாட்டில் துண்டு கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். உயரமானது நூறு அடியை ஒட்டியது. நகர நிர்வாகம் ஆபத்தானது என்று இடிக்கப் பார்த்தபோது, 1959இல் கோபுரத்தைக் கம்பியால் கட்டி 10,000 பவுண்டு விசையில் இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை, சோதனைக்கு வைத்த கருவிதான் வளைந்தது. ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே போனார். இரண்டு பேரிடமும் வரைபடம் கிடையாது.

மறுபடி பால்தசாரேவின் தோட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் அவர் வீடு கட்டியதைவிட அங்கே மரம் வைத்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. அறைகளுக்கும் முற்றங்களுக்கும் மேலே திறப்புகள் விட்டார். அவற்றின் வடிவத்தைக் கற்பனை செய்ய, ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்து அதன் கண்ணைத் துளைத்து நினைத்துப் பாருங்கள்: மேலே குறுகல், கீழே அகலம். வெளிச்சம் வரும், மேலே ஏறும் சூடான காற்று அந்த வழியே வெளியேறும், ஆனால் உச்சி வெயில் அறை முழுக்கக் கொட்டாது. திறப்புக்கு நேர் கீழே ஹார்ட்பேன் கற்களால் வட்டத் தொட்டி கட்டி, தட்டுக்குக் கீழேயிருக்கும் நல்ல மண்ணில் மரத்தை நட்டார். மரம் வெளிச்சத்தைத் தேடி வளர்ந்து, திறப்பின் வழியே தலையை வெளியே நீட்டி, தரைமட்டத்தில் கிளை பரப்பியது. மேலே நடந்துபோகிறவன் குனிந்து ஆரஞ்சு பறிக்கலாம். அதே மரத்தின் அடித்தண்டு இருபதடி கீழே நிற்கிறது. எலுமிச்சை, நாரத்தை வகைகள், மாதுளை, இலந்தை, திராட்சை, பாதாம், முசுக்கொட்டை என்று பலவும் வைத்தார். ஒரே மரத்தில் பல எலுமிச்சை இன வகைகளை ஒட்டுக் கட்டி வளர்த்தார். வெவ்வேறு ஆழத்தில் நட்டதால் ஒவ்வொரு மட்டத்து மரமும் வெவ்வேறு சமயத்தில் பூத்து, காய்ப்புக் காலமும் நீண்டது. அந்த மரங்களில் நூறு வயது கண்டவை இன்றும் நிற்கின்றன.

அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும், எலுமிச்சை இனத்துக்கு அது எமன். நிலத்துக்குள் கோடையில் குளுமையும் குளிரில் கதகதப்பும் கிடைப்பதற்கு மாயம் ஒன்றும் இல்லை. மண் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பகல் இரவு வேறுபாடு மூன்றடிக்குள்ளேயே ஏறத்தாழ அடங்கிவிடும். இன்னும் ஆழம் போகப் போகக் கோடை குளிர்கால வேறுபாடும் அடங்கி, அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தில் போய் நிற்கும். ஃப்ரெஸ்னோவில் அந்தச் சராசரி ஏறக்குறைய 18 டிகிரி. அதனால்தான் வெளியே நாற்பது டிகிரி வெயில் அடிக்கும்போது உள்ளே இறங்கியவனுக்கு உயிர் வந்தது. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு படுக்கையறைகள் வைத்திருந்தார். ஒரு குளத்தின் அடியில் வட்டக் கண்ணாடி பதித்து, கீழறையில் உட்கார்ந்து தலைக்கு மேல் மீன் நீந்துவதைப் பார்க்கவும் வசதி செய்திருந்தார். நாளெல்லாம் மண் சுமந்தவன் சாயங்காலம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து மீனைப் பார்த்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கடைசி வருடங்களில் இதை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாக, உணவு விடுதியோடு நடத்த நினைத்தார். மோட்டார் கார் இறங்கி வர எழுநூறு எண்ணூறு அடி நீளத்துக்கு ஒரு சுரங்கப் பாதையும், பெரிய கூடம் ஒன்றும் தோண்டினார். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. 1946 நவம்பரில், 67 வயதில், நிமோனியா கண்டு இறந்துபோனார். அதன்பின் அவருடைய சகோதரர் அந்த இடத்தைக் காப்பாற்றிப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். நிலத்தில் ஒரு பகுதி கைமாறிப் போனாலும் மீதியைக் குடும்பத்தினர் இன்றும் பராமரிக்கிறார்கள். 1977இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும், 1978இல் கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னங்களில் 916ஆம் எண்ணாகவும் சேர்ந்தது. ஊர் வளர்ந்து, பக்கத்தில் நெடுஞ்சாலை 99 வந்து, இன்று வண்டி இரைச்சலுக்கு நடுவே இருக்கிறது.

இனி தம்பியின் மூன்றாவது கேள்வி. அப்படியே செய்யலாமா என்றால், கூடாது என்பதே என் பதில், காரணங்கள் மேலே வந்துவிட்டன. அங்கே 280 மில்லிமீட்டர் மழை. கேரளத்தின் சராசரி ஏறக்குறைய 3000. எருத்தேம்பதி, வடகரைப்பதி, கொழிஞ்சாம்பாறை இவை மழை மறைவுப் பகுதி, நமக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்பது சரி. ஆனால் நமக்குக் கிடைக்கும் அந்தக் குறைந்த மழையும் ஃப்ரெஸ்னோ மழையைவிட மிக அதிகம். சுக்கான் சுண்ணாம்பு என்பதால் ஈரத்தில் சிலிகாத் தட்டைப்போல் உறுதியாக நிற்காது. தொடர்ச்சியான தட்டாகவும் இருக்காது, ஓரிடத்தில் பலகையாகவும் பத்தடி தள்ளி வெறும் சரளையாகவும் மாறும். அதை நம்பி ஒரு குழந்தையைக்கூடக் கீழே உட்கார வைக்க நான் ஒப்பமாட்டேன். வெப்பக் கணக்கும் நமக்குப் பொருந்தாது. நம் பக்கத்து வருடச் சராசரியே 27 டிகிரியை ஒட்டியது; கோடையில் கிணற்று நீரைத் தொட்டுப் பாருங்கள், அதுதான் நிலத்துக்கடியில் கிடைக்கக்கூடிய குளுமையின் அளவு. மூச்சுமுட்டும் ஈரத்தோடு அந்த 27 டிகிரியில் குடியிருப்பதைவிட, கணவாய்க் காற்று வரும் பக்கம் ஜன்னல் வைத்த ஓட்டு வீடு மேல். தவிர, கேரளத்தில் தோண்டிய மண்ணை நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோக மைனிங் ஜியாலஜித் துறை அனுமதி வேண்டும். அதற்கு அலைவதும் ஒரு தனி விவசாயம்.

குடைந்து வாழும் அறிவு நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை, அதற்கு ஏற்ற மண் வேறு. வடக்கே காசர்கோட்டில் சுரங்கம் என்றே பெயர் சொல்லி, செம்பாறைக் குன்றின் சரிவில் ஆள் நுழையும் அகலத்துக்குப் படுக்கை வாட்டத்தில் குடைந்து தண்ணீர் எடுக்கிறார்கள். நீர் தானாக வழிந்து வரும், மோட்டார் வேண்டாம். அதை அடுத்த கர்நாடகத்தில், அட்யநட்காவில், கூலித் தொழிலாளியாக இருந்த அமை மகாலிங்க நாயக் தனக்குக் கிடைத்த வறண்ட குன்று நிலத்தில் தனி ஆளாகச் சுரங்கம் தோண்டி, பலமுறை தண்ணீர் இல்லாமல் ஏமாந்தும் விடாமல் தோண்டிக் கண்டுபிடித்து, அந்த நீரில் பாக்குத் தோட்டம் போட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாறையும் சரிவும் மழையும் அப்படி அமைந்த இடத்தில்தான் அது நடக்கும். நம்முடையது சமவெளி.

ஆனால் பால்தசாரேவிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு: மரத்தின் வேரைத் தட்டுக்குக் கீழே கொண்டுபோய் விடுவது. தம்பி, இரண்டு ஏக்கரிலும் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் ஆள் இறங்கும் குழி எடுத்து, சுக்கான் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எத்தனை கனம், அதற்குக் கீழே என்ன மண் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். நின்றால் அங்கே மரம் வைக்கக் கூடாது, தட்டை உடைத்த பிறகுதான் வைக்க வேண்டும். கனம் ஓரடி, ஒன்றரை அடி என்றால் மரம் வைக்கும் இடத்தில் மட்டும் பிரேக்கர் வைத்து உடைத்துக் கீழ் மண் வரைக்கும் திறந்துவிடலாம், அதற்குமேல் கனம் என்றால் செலவு கட்டாது. உடைத்தெடுத்த சுக்கானைத் திரும்பக் குழிக்குள் போடாதீர்கள், வேருக்கு அதுவே மறுபடி சுண்ணாம்பு. வரப்புக்கோ வண்டிப் பாதைக்கோ போடுங்கள். சாத்துக்குடி வேண்டாம். இலந்தை, நெல்லி, சப்போட்டா இவை சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். எலுமிச்சை வேண்டும் என்று ஆசையிருந்தால் நாலைந்து மரம் வைத்துப் பார்த்து, இலை வெளுக்காமல் மூன்று வருடம் நின்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். என் நாற்பதில் பிழைத்த ஒன்பதில் ஐந்து இன்னும் இருக்கின்றன. எல்லாம் பழைய கிணற்று மேட்டுக்கு அருகில், முன்பு யாரோ தட்டை உடைத்துப் போட்ட இடத்தில் நட்டவை. ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்துவிட்டீர்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஐந்தையும் பார்த்துச் சொல்கிறேன்.